பொறிவண்டின் புழுவையும் படம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் பொறிவண்டைப் பற்றி நான்கு வரி எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு படமும் போட்டிருந்தீர்கள். இலை மேல் சிவப்பாக, பளபளவென்று, கறுப்புப் புள்ளிகளோடு உட்கார்ந்திருக்கும் வண்டு. 'உழவரின் நண்பன்' என்று கீழே எழுதியிருந்தது. எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படம் எங்களுக்குப் பாதி உதவிதான். மீதிப் பாதியைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

நான் ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று ஏக்கரில் விவசாயம் செய்கிறேன். ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), அரை ஏக்கர் பந்தல் அவரை, கொஞ்சம் கத்தரி, மீதியில் மாட்டுக்குச் சோளத்தட்டு. வீட்டுக்காரர் தவறி எட்டு வருடமாகிறது. அதற்கு முன்பும் தோட்டத்துப் பாடு பாதி என்னுடையதுதான். சிவப்பு வண்டை எங்கள் ஊரில் யாரும் கொல்வதில்லை. பிள்ளைகள் அதை உள்ளங்கையில் ஏற்றி, விரல் நுனி வரை நடக்கவிட்டு, பறந்ததும் கைதட்டும். நாங்கள் கொல்வது அதன் புழுவை. அதுவும் பொறிவண்டுதான் என்று தெரியாமலே வருடா வருடம் கொல்கிறோம்.

இந்த மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். பனி இறங்கியதும் அவரையில் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி, வந்துவிட்டது. எப்போதும் வருவதுதான். பூங்கொத்தின் காம்பு, பிஞ்சு, கொழுந்து எல்லாம் எள்ளை அள்ளி அப்பினது போலக் கறுப்பாக இருக்கும். ஒரு நாள் காலையில் மருமகள் ஒரு கொழுந்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அத்தை, அசுவினியோட இன்னொரு புழுவும் சேர்ந்திருக்குதுங்க. முதலைக்குட்டி மாதிரி இருக்குது. அஞ்சாறை நசுக்கிட்டு வந்தேன். கடையில சொல்லி ரெண்டுக்கும் சேர்த்தே மருந்து வாங்கச் சொல்லட்டுங்களா?"

கொழுந்தை வாங்கிப் பார்த்தேன். கறுஞ்சாம்பல் நிறம், முதுகில் வெளிர் மஞ்சளில் திட்டுத் திட்டாகப் புள்ளி, வாலை நோக்கிக் கூம்பிய உடம்பு, முன்பக்கம் ஆறு கால். பொறிவண்டுப் புழு. மருமகளை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாவது வரை படித்தவள், உங்கள் வேளாண் பக்கத்தை ஒரு வாரமும் விடாமல் படிப்பவள். சிவப்பு வண்டு படம் போட்ட பக்கத்தைக் கத்தரித்து சமையற்கட்டு அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்த நண்பனின் பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

எனக்கும் ஒரு காலத்தில் யாரும் சொல்லவில்லை. அதனால் நான் செய்த காரியம் இன்றைக்கும் மனதைப் போட்டு அறுக்கிறது.

பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து, 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று பரவி, பப்பாளி, மல்பெரி, பருத்தி, குச்சிக்கிழங்கு எதையும் விடவில்லை. எங்கள் தோட்டத்துக்கு 2009-ல் வந்தது. கிழங்குச் செடியின் நுனி சுருண்டு, இலைகள் கொத்தாகக் குறுகி, காம்பெல்லாம் கோலமாவைக் கொட்டினது போல ஆகிவிட்டது. மூன்று முறை மருந்தடித்தோம். அந்தப் பூச்சியின் மேல் மெழுகு மாவு படிந்திருக்கும். மருந்து அதில் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு போய்விட்டது.

அப்புறம் ஓர் அலுவலகத்தில் இதற்குப் பொறிவண்டு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரர் போய் ஒரு டப்பாவில் வாங்கி வந்தார். இது சிவப்பு வண்டு இல்லை. மிளகைவிடச் சிறியது. உடம்பு கறுப்பு, தலையும் பின்பக்கமும் ஆரஞ்சு. கிரிப்டோலேமஸ் என்று பெயர் எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் விடுங்கள், விட்ட பிறகு மருந்தடிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். புழு எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னபடியே சாயங்காலம் செடிக்குச் செடி தட்டிவிட்டோம். ஒரு வாரம் பார்த்தோம், வண்டு கண்ணில் படவில்லை. பறந்து போய்விட்டது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். இலையைத் திருப்பினால் மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே அதைப்போல மூன்று மடங்கு பெரிய வெள்ளை உருவங்கள். உடம்பு முழுக்கப் பஞ்சுத் திரி திரியாகத் தொங்கியது. மாவுப்பூச்சியிலேயே பெரிய சாதி ஒன்று வந்துவிட்டது என்று பதறிப்போனோம். வீட்டில் மிச்சமிருந்த மருந்தைக் கலக்கி அன்றைக்கே இரண்டு டேங்க் அடித்தோம். மறுநாள் காலையில் கீழே வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. சாம்பலை அள்ளுவது போல நான்தான் அள்ளிக் குப்பையில் போட்டேன். மனதுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. மாவுப்பூச்சி அப்படியேதான் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே ஓர் அறையில் அலமாரி அலமாரியாகக் கூண்டு. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு பூசணிக்காய். காயின் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தின்ன கிரிப்டோலேமஸை விட்டு, இப்படித்தான் வண்டைப் பெருக்குகிறார்களாம். கூண்டைத் திறந்து காட்டினார்கள். பூசணிக்காய் மேல் என் தோட்டத்தில் பார்த்த அதே பஞ்சுத் திரி உருவம் நடந்துகொண்டிருந்தது. "இதுதான் கிரிப்டோலேமஸ் புழு. இது பெரிய புழு, ஒரு நாளில் எவ்வளவு தின்னும் தெரியுமா" என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. நான் அள்ளிப் போட்டது எத்தனை என்று மட்டும் மனதுக்குள் கணக்கு ஓடியது.

அன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தைவிட்டு லேசில் நகராது. புழு விறுவிறுவென்று நடக்கும். மாவுப்பூச்சி ஏறக்குறைய எள் அளவு, வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். திரியும் நீளம். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் போதும். அந்த வெள்ளைப் போர்வை அதற்கு ஒரு பாதுகாப்பு என்றும் சொன்னார்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் இருக்கும். கிட்டே வருகிற பொறிவண்டை விரட்டும். போர்வை போட்ட இந்தப் புழுவை எறும்பு அவ்வளவாகத் தொல்லை பண்ணாது. எறும்பை ஏமாற்றத்தான் அந்த வேஷம், நாங்களும் ஏமாந்துவிட்டோம்.

அந்த வண்டு மட்டுமே எங்கள் கிழங்கைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கி விட்டார்களே, அந்தச் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதை முடித்துவிட்டது. அடுத்த வருடம் தோட்டம் பச்சை கண்டது. ஆனால் அந்த ஒரு வருடம் முழுக்க எங்களிடம் இருந்த துணை கிரிப்டோலேமஸ்தான். அது இன்று நேற்று வந்ததும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே, காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக இங்கே கொண்டுவந்தார்கள். அந்தப் பூச்சியை அது பெரிதாகக் கட்டுப்படுத்தவில்லை. மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு தென்னிந்தியாவில் நிலைத்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் நம்மோடு குடியிருக்கும் ஒரு பூச்சியின் பிள்ளையை நமக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை என்றால், காட்டிக்கொடுக்க வேண்டியவர்கள் காட்டவில்லை என்றுதானே அர்த்தம்?

சரி, அவரைக்கு வருகிறேன். மருமகளிடம் "பத்து நாள் எனக்குக் கொடு, அதற்கப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, மகள் வயிற்றுப் பேத்தி அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்ததால் அவளையும் சேர்த்துக்கொண்டேன். ஆறாவது படிக்கிறாள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலின் வாயில் வேட்டித் துணியைக் கட்டி, உள்ளே ஈரப்பஞ்சு சுற்றிய அவரைக் கொழுந்தை வைத்தோம். இலைக்கு அடியில் முட்டைக் கொத்து இருந்த ஓர் இலையையும் சேர்த்து வைத்தோம். தினமும் காலையும் மாலையும் அசுவினி அப்பிய புதுக் கொழுந்து மாற்ற வேண்டியது அவள் பொறுப்பு.

முட்டை மஞ்சள். கேழ்வரகைவிடச் சிறியது, இரண்டு பக்கமும் கூம்பி இருக்கும். படுத்திருக்காது. இலையில் குத்தி நிறுத்தினது போல வரிசையாக நிற்கும். நாங்கள் எண்ணிய கொத்தில் 19 இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மஞ்சள் முட்டைகள் சாம்பல் நிறத்துக்கு மாறின. மத்தியானம் பொரித்துவிட்டது. பேத்தி திடீரென்று கத்தினாள், "அம்மாயி, பொரிச்சது பொரிக்காததைத் தின்னுது!" உண்மைதான். முதலில் வந்தவை முட்டை ஓட்டைத் தின்றுவிட்டு, பக்கத்தில் பொரியாமல் இருந்த கூடப்பிறந்த முட்டையையும் தின்றன. அவளுக்கு ரொம்ப வருத்தம். அசுவினி கிடைக்காத நாளில் உயிர் பிழைக்க அதற்கு வேறு வழி கிடையாது என்று சொல்லித்தான் சமாதானம் பண்ணினேன்.

பிறந்த புழு அசுவினியைவிடச் சின்னது. ஆனாலும் அதைப் பிடிக்கிறது. நாங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்த அன்று, நூல் கனமுள்ள ஒரு புழு தன்னைப்போல இரண்டு மடங்கு இருந்த அசுவினியின் பின்னங்காலைக் கவ்வியது. அசுவினி அதை இழுத்துக்கொண்டே நாலு எட்டு நடந்தது. புழு விடவில்லை. மெல்ல மேலே ஏறி, உடம்பில் தாடையைக் குத்தி உறிஞ்ச ஆரம்பித்தது. கால்மணி நேரத்தில் அசுவினி வெறும் தோலாகச் சுருங்கிவிட்டது. ஐந்தாறு நாள் போனபின் இந்த நிதானம் எல்லாம் இல்லை. பெரிய புழு தாடையால் கவ்வித் தூக்கி, முழுசாக மென்று, காலை மட்டும் துப்பினது போல விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. மூன்று முறை சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறை உரித்த பிறகும் பசி கூடும். கடைசிச் சட்டையில் இருந்த ஒரு புழுவுக்கு ஒரு நாள் 50 அசுவினி எண்ணிப் போட்டாள் பேத்தி. மறுநாள் காலையில் மிச்சம் நாலு.

பொரித்து ஒன்பதாம் நாள் தின்பதை நிறுத்திவிட்டது. இலையில் வாலை ஒட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தது. மறுநாள் கூட்டுப்புழு. பார்த்தால் ஏதோ பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பது போல இருக்கும். லேசாகத் தொட்டால் திடீரென்று எழும்பி நின்று படுக்கும். பேத்தி பயந்து பாட்டிலைக் கீழே போடப் பார்த்தாள். இந்தக் கூட்டுப்புழுவையும் நாங்கள் 'இலையில் ஏதோ நோய்' என்று கிள்ளிப் போட்டிருக்கிறோம், எத்தனையோ முறை.

நாலு நாள் கழித்து வண்டு வந்தது. வந்ததும் அது வண்டு மாதிரியே இல்லை. வெளிறிய மஞ்சள், ஒரு கோடு புள்ளி கிடையாது. மேலே இருக்கும் கெட்டிச் சிறகு ஈரமாக இருந்தது. பறக்கும் சிறகு அதற்கு அடியில் கசங்கிய துணியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதை மடித்து உள்ளே செருகிக்கொண்டது. உடம்பைவிட நீளமான சிறகை, நாம் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல மடிப்பு மடிப்பாக உள்ளே இழுத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். மத்தியானத்துக்குள் நிறம் ஏறி, கறுப்பு நெளிகோடுகள் தெரிந்தன. எங்கள் பக்கம் அவரையிலும் தட்டைப்பயறிலும் அதிகம் இருப்பது இந்த நெளிகோட்டு வண்டுதான். உங்கள் படத்தில் இருந்த ஏழு புள்ளி வண்டு வடக்கே கோதுமை, கடுகு வயலில் அதிகம். புள்ளியை எண்ணினால் வயது தெரியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. புள்ளியும் கோடும் அந்தந்தச் சாதியின் அடையாளம். முதல் நாளில் விழுந்தது சாகும் வரை அப்படியேதான் இருக்கும்.

பேத்தி அதைக் கையில் எடுத்து அழுத்திவிட்டாள். கால் மூட்டிலிருந்து மஞ்சளாக ஒரு துளி கசிந்து விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். அது வண்டின் இரத்தம். கசப்பு. ஒரு முறை வாயில் வைத்த குருவியோ ஓணானோ மறுமுறை தொடாமல் இருக்கத்தான் அவ்வளவு பளிச்சென்ற நிறம்.

ஆக, முட்டையிலிருந்து வண்டாகப் பதினேழு பதினெட்டு நாள் ஆனது. மருந்தடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். அசுவினிக்கு ஆணும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். பெண் அசுவினி நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்துக்கெல்லாம் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். மருந்தடித்தால் இரண்டும் சாகிறது. தப்பிய நாலு அசுவினி பத்து நாளில் கொடியை மறுபடி கறுப்பாக்கிவிடும். பொறிவண்டு திரும்பிவர மூன்று வாரம் ஆகும். அதுவும் பக்கத்தில் எங்காவது மிச்சமிருந்தால்தான். இடையில் நாம் பொறுக்காமல் இரண்டாவது மருந்து அடித்திருப்போம். அதற்கப்புறம் தோட்டத்தில் அசுவினிக்கு எதிரியே இருக்காது. மூன்றாவது, நாலாவது என்று கடைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். நான் நடந்திருக்கிறேன். ஒரு கடையில் இதே முதலைக்குட்டிப் புழுவை இலையோடு கொண்டுபோய்க் காட்டியதற்கு, "இலை தின்னிப் புழுங்க" என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. கலிபோர்னியாவில் 1880-களில் ஆரஞ்சுத் தோட்டங்களை ஒரு பஞ்சுச் செதில் பூச்சி அழித்தது. ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அதைத் தின்னும் வேடாலியா என்ற சின்னச் சிவப்புப் பொறிவண்டைக் கண்டுபிடித்து 1888-லும் 89-லும் கப்பலில் அனுப்பினார். போனது சில நூறு வண்டுகள்தான். ஓரிரண்டு வருடத்துக்குள் ஆரஞ்சு பிழைத்துக்கொண்டது. நம் நீலகிரியிலும் 1920-களின் இறுதியில் வாட்டில் மரங்களில் அதே செதில் பூச்சி வந்தபோது அதே வண்டை வரவழைத்துத்தான் அடக்கினார்கள். இதைவிட முக்கியம் பின்னால் நடந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் வேறு பூச்சிக்காக டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வேடாலியா செத்தது. அறுபது வருடமாக அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி கிளம்பிவிட்டது. மருந்தை நிறுத்தி, வண்டைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. எங்கள் அவரைப் பந்தலில் நடப்பது இதேதான்.

இப்போது கத்தரி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் உங்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, நண்பன்னு போட்டிருக்காங்களே, என் கத்தரியை வந்து பாரு, இந்தப் புள்ளி வண்டுதான் இலையைச் சல்லடை ஆக்கி வச்சிருக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. அது எபிலாக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பத்திலேயே பிறந்து, பூச்சியை விட்டுவிட்டு இலை தின்னப் போன சாதி. உலகத்தில் சுமார் 6,000 வகைப் பொறிவண்டு உண்டு. பெரும்பாலும் பூச்சி தின்பவை. எங்கள் பாகற்பந்தலில் வரும் மஞ்சள் நிறத்து வண்டு சாம்பல் நோய்ப் பூஞ்சையையே தின்னும். இலை தின்னுவது கொஞ்சம்தான், ஆனால் கத்தரிக்காரருக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. நல்ல வண்டு எண்ணெய் தடவினது போல மின்னும். எபிலாக்னா மின்னாது. பழைய செம்புக் காசு மாதிரி மங்கலாக, கிட்டே பார்த்தால் மேலெல்லாம் நுண்ணிய ரோமம் இருக்கும். புள்ளியும் நிறைய, 12 அல்லது 28. அதன் புழு மஞ்சள், உடம்பு முழுக்கக் கிளை விட்ட முள். நல்ல புழு ஓடித் திரியும், இது இலையிலேயே ஒட்டிக்கிடந்து பச்சையைச் சுரண்டி நரம்பை விட்டுவைக்கும். அந்த அண்ணனுக்கு இரண்டு இலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எபிலாக்னாவைக் காலை நேரத்தில் கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள், மற்றதை விடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் எத்தனை பேருக்கு நான் போய்க் காட்ட முடியும்? உங்கள் பேப்பர் ஒரே காலையில் காட்டிவிடும்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த முறை பொறிவண்டு படம் போடும்போது முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு நாலையும் ஒரே வரிசையில் போடுங்கள். புழு படம்தான் பெரிதாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு அரிசியை வைத்துப் படம் எடுத்தால் அளவு யாருக்கும் புரியும். மாவுப்பூச்சியோடு கிரிப்டோலேமஸ் புழு, எபிலாக்னா புழுவோடு நல்ல புழு என்று ஜோடியாகவும் வேண்டும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் உபயோகம் இல்லை. போடும் காலமும் பார்த்துப் போடுங்கள். அசுவினிக்குக் கார்த்திகைக் கடைசியில் போட்டால் மார்கழிக்கு முன்னால் எங்கள் கைக்கு வந்துவிடும். மாவுப்பூச்சி வெயிலில் பெருகுவது, அதற்கு மாசியிலேயே போட வேண்டும். ஆடியில் போட்டால் படித்துவிட்டு மறந்துவிடுவோம்.

தட்டைப்பயறைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தால் நல்லது. பருத்தி, கடலை போடுகிறவர்கள் வரப்போரம் ஒரு வரிசை தட்டைப்பயறு ஊன்றினால், அசுவினி முதலில் அதில் வரும். அதைத் தேடிப் பொறிவண்டு வந்து பெருகி, பிறகு பயிருக்குள் இறங்கும். நான் அவரைப் பந்தலைச் சுற்றி ஊன்றுகிறேன். தட்டைப்பயற்றில் அசுவினியைப் பார்த்ததும் மருந்தடிக்கக் கை பரபரக்கும், அடிக்கக் கூடாது. அசுவினி இல்லாத காலத்தில் வண்டு மகரந்தத்தைத் தின்று உயிரோடு இருக்கும். அதற்காக நாலு பாத்தி கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுகிறேன்.

மருமகளுக்குச் சொன்ன பத்து நாள் முடிந்தபோது கொடியில் அசுவினி முழுசாகப் போகவில்லை. மேற்குப் பக்கத்து இரண்டு வரிசையில் எறும்பு அதிகம், அங்கே பொறிவண்டு ஏற முடியவில்லை. அந்த நுனிகளை மட்டும் கிள்ளித் தீயில் போட்டோம். மீதியில் அசுவினி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, ஒவ்வொரு கொழுந்திலும் இரண்டு மூன்று கூட்டுப்புழு தொங்கியது. இந்த வருடம் அவரைக்கு ஒரு மருந்தும் அடிக்கவில்லை. மருமகளே அலமாரிக் கதவில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுப்புழு இலையைச் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறாள், காய்ந்துவிட்டது.

என் போனில் எடுத்த படங்கள் தெளிவாக இல்லை. அதனால் பேத்தி கலர் பென்சிலில் வரைந்த நாலு படங்களை இத்துடன் வைத்து அனுப்புகிறேன். புழுவுக்கு ஆறு கால் சரியாகப் போட்டிருக்கிறாள், எண்ணிப் பார்த்துவிட்டேன். வண்டின் மேல் நெளிகோடு மட்டும் இடது பக்கம் கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. அச்சிட முடியாவிட்டால் திருப்பி அனுப்ப, தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. அவள் பள்ளியில் காட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.